இடது காலுக்கு நாலு மில்லிமீட்டர் அதிகம்

மலையேறுவதற்கு ஒரு ஜோடி சப்பாத்து வாங்க சண்முகநாதனுக்கு நாலு மாதம் பிடித்தது. அந்த நாலு மாதத்துக்குள் அவர் மனைவி பிரேமா பதினாறு தடவை பினாங்கு மலையேறி இறங்கிவிட்டாள்.

எல்லாம் அவருடைய வாயால் வந்த வினை. மார்ச் மாதம், ஆயர் ஈத்தாமில் பிரேமா வேலை பார்க்கும் கிளினிக்கிலேயே அவருக்கு இரத்தச் சோதனை செய்தார்கள். டாக்டர் சொன்னது ரொம்பச் சாதாரணமான விஷயம். இனிப்புநீர் வியாதி எல்லையில் நிற்கிறது, தினமும் அரை மணி நேரம் நடந்தால் போதும். அதற்குச் சரியென்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். பக்கத்தில் நர்ஸ் நோர்மா நின்றுகொண்டிருந்தாள். பிரேமாவும் கதவோரம் நின்றாள். இரண்டு பெண்கள் முன்னால் வெறும் நடைதானா என்று ஏதோ ஒரு வீம்பு.

"வாக்கிங் என்ன டாக்டர், மலையே ஏறிடுறேன்" என்றார்.

டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நோர்மா விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் தங்கள் குழு தண்ணீர்மலைப் பக்கம் மூன் கேட் வழியாக ஏறுகிறது, இந்த வாரமே வந்துவிடுங்கள் என்று மலாயில் சொன்னாள். இருவரும் சேர்ந்தே வாங்களேன் என்றாள்.

சண்முகநாதன் இவ்வளவு சீக்கிரம் ஒரு ஞாயிறு வருமென்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் இருபத்தாறு வருஷம் ஜுருவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவர். கேட்ட மாத்திரத்தில் எதையும் சரியென்று சொல்லிப் பழக்கமில்லாத வாய், தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தது.

"வர்றேன். ஆனா மொதல்ல நல்ல சப்பாத்து ஒண்ணு வாங்கணும். சும்மா எதையாச்சும் போட்டுக்கிட்டு மலையில ஏறக்கூடாது."

எவ்வளவு பொறுப்பான பேச்சு! சொல்லி முடித்ததும் அவருக்கே தன்மேல் மரியாதை வந்தது.

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பிரேமா வேலைக்குப் போடும் சப்பாத்தையே மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "நீங்க வாங்குற வரைக்கும் நான் ஒரு வாட்டி போயி எப்படி இருக்குன்னு பாத்துட்டு வர்றேனே" என்றாள். அவர் பெருந்தன்மையோடு அனுமதி கொடுத்தார். யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

அதன்பிறகு அவர் தேர்வு வேலையில் முறையாக இறங்கினார். தொழிற்சாலையில் அவர் பார்வைக்கு வரும் எந்தப் பொருளிலும் ஏதாவது ஒரு குறை இருக்கும். இல்லாவிட்டால் அவர் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்ப்பார். அதற்குத்தான் சம்பளம். அந்தக் கண்ணைச் சப்பாத்தின் பக்கம் திருப்பியபோது உலகத்தில் எந்த மலைச் சப்பாத்தும் தேறவில்லை. ஒன்றில் கணுக்காலுக்குப் பிடிமானம் போதாது. ஒன்றில் பிடிமானம் அதிகம், காற்றோட்டம் இல்லை. தண்ணீர் புகாத சப்பாத்தென்றால் உள்ளே வரும் வியர்வை எங்கே போகும்? தண்ணீர் புகும் சப்பாத்தென்றால் அதற்கு எதற்குச் சப்பாத்து?

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு யூடியூப் பார்த்தார். ஸ்காட்லாந்தில் தாடிவைத்த ஒருவர் கொட்டும் மழையில் சேற்றுக்குள் கால் விட்டுக் கால் எடுத்து, சப்பாத்தின் அடிப்பாகத்தைக் காமிராவுக்குக் காட்டுவார். சண்முகநாதன் அவர் சொல்வதைக் குறிப்பெடுத்தார். உறைபனியில் எந்தச் சப்பாத்து வழுக்காது என்ற நாற்பது நிமிடக் காட்சியை இரண்டு முறை பார்த்தார். பினாங்கு மலையில் உறைபனி விழுந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லைதான். ஆனால் ஒரு மனிதர் மலையேறுவது என்று முடிவெடுத்துவிட்டால் எல்லாவற்றுக்கும் தயாராக இருக்கவேண்டாமா?

ஒருநாள் தொழிற்சாலையில் மதியம், எல்லாரும் கேன்டீனுக்குப் போனபிறகு, சோதனை அறையின் கதவைச் சாத்திவிட்டுக் காலுறையைக் கழற்றினார். பிளாஸ்டிக் மூடிகளை அளக்கும் வெர்னியரை எடுத்துத் தன் பாதங்களை அளந்தார். மூன்று முறை அளந்தார். இடது கால், வலது காலைவிட நாலு மில்லிமீட்டர் நீளம். ஐம்பத்திரண்டு வருஷம் இந்தக் கால்களோடு வாழ்ந்திருக்கிறார், தெரியவில்லை. ஒரு மூடி இந்த அளவு மாறியிருந்தால் அவர் மொத்தப் பெட்டிக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்.

அன்று மாலை பிரேமாவிடம் அதை ஒரு செய்திபோலச் சொன்னார்.

"அப்படியா?" என்றாள் பிரேமா. "நேத்து கிஷனோட வாழைப்பழத்தைக் குரங்கு பிடுங்கிடுச்சு. அவரு அதுகிட்ட போய் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறாரு" என்று ஆரம்பித்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டாள். கிஷன் யாரென்று அவர் கேட்கவில்லை. கேட்காமலேயே பிறகு தெரிந்தது. ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருப்பவர், முப்பத்தைந்து வயது, குழுவில் எல்லாருக்கும் கால் பிடித்துவிடுபவர்.

இப்படித்தான் வாரங்கள் போயின. ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிரேமா முகம் சிவந்து, கையில் அப்பப் பொட்டலத்தோடு வருவாள். வந்ததும் கதை. பாதையில் படுத்திருந்த பாம்பு, எண்பது வயதில் தினமும் ஏறும் சீனக் கிழவர், மழையில் எல்லாரும் ஒரே பிளாஸ்டிக் விரிப்புக்குள் நின்றது. சண்முகநாதன் தன் பங்குக்குச் சப்பாத்து ஆராய்ச்சியில் அந்த வாரம் கண்டுபிடித்ததைச் சொல்லுவார். இரண்டுமே மலை சம்பந்தப்பட்ட பேச்சுதான் என்று அவர் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். ஆனால் அவள் தொலைபேசியில் குழுவின் செய்திகளைப் படித்துத் தனியாகச் சிரிக்கும்போது, தன் வீட்டிலேயே ஓர் அறையை வாடகைக்கு எடுத்தவர்போல இருந்தது.

மூன்றாவது வாரம் அவள் ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கத்து இரும்புக் கடையில் ஒரு ஜோடி கறுப்பு ரப்பர் சப்பாத்து வாங்கி வந்தாள். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போகிறவர்கள் போடுவது. பதினெட்டு வெள்ளிதான் விலை. அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, வளைத்துப் பார்த்து, மோந்துகூடப் பார்த்தார்.

"இதுல கணுக்காலுக்குப் பிடிமானமே இல்லையே."

"என் கணுக்காலு பத்திரமா என்கிட்டயேதான் இருக்கு" என்றாள் பிரேமா.

கேம்பல் ஸ்திரீட்டில் மாடிமேல் மலையேறும் சாமான்கள் விற்கும் ஒரு சின்னக் கடை இருந்தது. நடத்துபவர் ஷஹீதா. நாற்பத்தைந்து வயதிருக்கும். தமிழ் முஸ்லிம். அந்தக் காலத்தில் கினபாலு மலையெல்லாம் ஏறியவர். கடையின் நடுவில் மூன்றடி உயரத்துக்குச் சரிவாக ஒரு பலகை போட்டு, அதில் கற்களை ஒட்டிவைத்திருந்தார். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அதில் ஏறி இறங்கிப் பார்க்கலாம்.

சண்முகநாதன் அங்கே ஐந்து தடவை போனார். ஏறினார், இறங்கினார். பக்கவாட்டில் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அந்தப் பலகையில் அவர் ஏறிய உயரத்தையெல்லாம் சேர்த்தால் மலையில் ஒரு நல்ல துண்டு முடிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் கடைசியில், "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று தொடங்குவார். முதல் இரண்டு தடவை ஷஹீதா அந்த 'ஆனா'வுக்குப் பதில் சொன்னார். மூன்றாம் தடவையிலிருந்து பெட்டியை மூடத் தொடங்கிவிட்டார்.

ஐந்தாவது தடவை, ஜூலை மாதத்துச் சனிக்கிழமை. பழுப்பு நிறத்தில் ஒரு ஜோடி. மூன்றாம் வருகையிலேயே அவர் கழித்துக்கட்டியதுதான், இடது காலில் விரல் நுனி இடிக்கிறது என்று. ஒருவேளை அன்று கால் வீங்கியிருந்ததோ என்ற சந்தேகத்தில் மறுபடி கேட்டு வாங்கிப் போட்டார். இடித்தது. பலகை உச்சியில் நின்றபடி, "எனக்கு இடது காலு நாலு மில்லிமீட்டர் அதிகம்" என்று விளக்கினார்.

ஷஹீதா தலை நிமிர்ந்தார். "அண்ணே, நீங்க கிளினிக் பிரேமாக்கா வீட்டுக்காரரா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"போன வாரம் அவங்க காலுறை வாங்க வந்தாங்க. நாலு மில்லிமீட்டர்னு ஒருத்தரு வருவாரு, அவருதான் எங்க வீட்டுக்காரருன்னு சொன்னாங்க." ஷஹீதாவின் முகம் இளகியது. "உங்க முட்டியப் பத்தியும் சொன்னாங்கண்ணே."

"என் முட்டியா?"

"இடது முட்டில சவ்வு போயிருச்சாமே. மலையே ஏறக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாராம். ஆனா ஆச விடல, சும்மா சப்பாத்தைப் போட்டுப் பாத்துட்டு வர்றாரு, ஒண்ணும் சொல்லிடாதீங்கன்னாங்க. நான்கூட இத்தன நாளா தப்பா நெனச்சிட்டேன். மன்னிச்சுக்குங்கண்ணே. கீழ எறங்குங்க, மெதுவா... நாற்காலி போடவா? மைலோ குடிக்கிறீங்களா?"

சண்முகநாதன் மூன்றடி உயரப் பலகையிலிருந்து ஷஹீதா கை பிடிக்க மெல்ல இறங்கினார். அவர் முட்டியில் எந்தக் கோளாறும் கிடையாது. தலைமுதல் கால்வரை அவரிடம் சரியாக இருந்த ஒரே உறுப்பு அதுதான். பிரேமா எல்லாரிடமும் இதைத்தான் சொல்லிவருகிறாள் என்று அந்த நொடியில் விளங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் குழுவில் யாராவது, உன் கணவர் ஏன் வரவில்லை என்று கேட்டிருப்பார்கள். சப்பாத்து கிடைக்கவில்லை என்று எத்தனை வாரம்தான் அவளும் சொல்வாள்? கட்டியவரைப் பார்த்து நாலு பேர் சிரிக்கக்கூடாதென்று முட்டியை உடைத்துவிட்டிருக்கிறாள்.

மைலோ வருவதற்குள், "இதையே குடுங்க" என்றார்.

"எதை?"

"கால்ல இருக்கே, இதை."

நாலு மாத ஆராய்ச்சி மூன்று நிமிடத்தில் முடிந்தது. அதுவும் அவரே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பொருளில்.

வீட்டில் பெட்டியைப் பார்த்ததும் பிரேமா, "வாங்கிட்டீங்களா?" என்றாள். நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

"நாளைக்கு வர்றேன்."

முட்டியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. படுக்கையில் அவர் யோசித்துப் பார்த்தார். நாளைக்குத் துள்ளிக்கொண்டு போய் நின்றால் பிரேமா பொய்க்காரியாகிவிடுவாள். ஆகவே நொண்டுவதுதான் ஒரு நல்ல கணவருக்கு அழகு என்று முடிவு செய்தார்.

காலை ஏழு மணிக்கு மூன் கேட் வாசலில் ஏழு பேர் நின்றார்கள். சண்முகநாதன் காரிலிருந்து இறங்கி, முகத்தைச் சுளித்து, வலது காலை இழுத்து இழுத்து வந்தார்.

"இடது" என்றாள் பிரேமா, உதடு அசையாமல்.

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் நேரே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆக, கடையில் விஷயம் அவிழ்ந்துவிட்டதென்று அவளுக்கும் தெரியும். அவர் உடனே காலை மாற்றினார். நோர்மா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். யாரோ ஒரு கைத்தடி கொடுத்தார்கள். கிஷன் மட்டும் எட்ட நின்று அவருடைய நடையையே பார்த்தபடி இருந்தார். தொழில்காரர் பார்வை எப்படி இருக்கும் என்று சண்முகநாதனுக்குத் தெரியும்.

படிகளும் வேர்களுமாகப் பாதை உடனே ஏறத் தொடங்கியது. முதல் பத்து நிமிடம் நன்றாகவே போயிற்று. கிஷன் பார்க்கும்போதெல்லாம் நொண்டினார், பார்க்காதபோது நடந்தார். அதன்பிறகு இடது சப்பாத்து தன் வேலையைக் காட்டியது. பெருவிரல் ஒவ்வோர் அடிக்கும் முன்பக்கம் இடித்தது. குதிகாலில் தோல் உரிந்து எரிந்தது. இன்னும் நூறு படி ஏறுவதற்குள் அவர் உண்மையாகவே இடது காலை நொண்ட ஆரம்பித்துவிட்டார். நடிப்பு பிரமாதமாக வந்தது. பாராட்டத்தான் ஆளில்லை.

அதோடு மூச்சும் போயிற்று. மார்புக்குள் யாரோ காற்றை அளந்து ஊற்றுவதுபோல, வேண்டியதில் பாதிதான் வந்தது. ஒரு வேரில் உட்கார்ந்தார். குழுவை முன்னே போகச் சொல்லிவிட்டுப் பிரேமா கூட நின்றாள். கிஷன் மட்டும் போகாமல் இறங்கி வந்து அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"அங்கிள், ஒரு நிமிஷம்" என்று இடது முட்டியைப் பிடித்து மடக்கினார், நீட்டினார், விரலால் அழுத்தினார். புருவம் சுருங்கியது. "வலிக்குதா?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல."

"அங்கிள், இந்த முட்டி என் முட்டியவிட நல்லா இருக்கு லா."

சண்முகநாதனுக்கு இனிமேல் காப்பாற்ற எதுவும் இல்லை. "முட்டியில ஒண்ணும் இல்ல தம்பி. பயந்தான். அவங்க எனக்காகப் பொய் சொன்னாங்க" என்றார்.

கிஷன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சத்தம் போட்டுச் சிரித்து, அதுக்கு என்கிட்ட மருந்து இல்லையே என்று எழுந்தார். குதிகாலுக்கு இரண்டு பிளாஸ்டர் கொடுத்துவிட்டு, மேலே போனவர்களிடம் சொல்லமாட்டேன் என்று கையடித்துவிட்டுப் போனார்.

பிரேமா அவருடைய சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்து, காலை வெளியே எடுத்து, பிளாஸ்டரை ஒட்டினாள். அவள் குனிந்திருந்ததால் பேசுவது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

"தைப்பூசத்தன்னைக்கு ஒண்ணு நடந்துச்சு. உனக்குத் தெரியாது" என்றார். "தண்ணீர்மலைக் கோயில் படியில பாதியிலேயே மூச்சு நின்ன மாதிரி ஆயிருச்சு. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. பக்கத்துல அறுபது எழுபது வயசுக்காரங்கல்லாம் காவடியோட போறாங்க. எனக்கு வெக்கம். முக்கியமான போனு வந்த மாதிரி ஓரமா நின்னு பேசிக்கிட்டு இருந்தேன். அதிலேருந்து படின்னாலே..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"போன் என் கைப்பையில இருந்துச்சு" என்றாள் பிரேமா. "நீங்க பர்ஸைக் காதுல வச்சுப் பேசிக்கிட்டு இருந்தீங்க."

அவர் பையில் இருந்த பர்ஸைத் தொட்டுப் பார்த்தார். அன்று மூன்று நிமிடம் பேசியிருப்பார். 'சரி சரி, திங்கக்கிழமை பாத்துக்கலாம்' என்றெல்லாம் கை ஆட்டிச் சொன்னது நினைவிருந்தது. எதிரே எத்தனை பேர் போனார்கள்! ஒரு பர்சுக்குத் திங்கட்கிழமைவரை தவணை கொடுத்த மனிதரைப் பற்றி அவர்கள் முருகனிடம் என்ன வேண்டிக்கொண்டார்களோ.

முதலில் பிரேமாதான் சிரித்தாள். பிறகு அவரும். மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததால் அவருடைய சிரிப்பு விட்டுவிட்டு வந்தது. அதைப் பார்த்து அவள் இன்னும் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தவளின் கண்ணில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

"அன்னைக்கே கேட்டிருப்பேன். கேட்டா ஒண்ணுமில்லம்பீங்க. அதுக்குத்தான் ரத்தம் எடுக்கணும்னு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க போயி மலை ஏறுறேன்னு சொல்றீங்க. நான் என்ன பண்ண?"

"நீ ஏன் ஏறப் போன?"

"மொத வாட்டி, எவ்வளவு கஷ்டம்னு பாத்து வந்து உங்கள வேணாம்னு தடுக்கலாம்னு போனேன்." கொஞ்சம் தயங்கினாள். "ரெண்டாவது வாட்டி எனக்காகப் போனேன். நல்லா இருந்துச்சு."

"நான் வராததும் நல்லா இருந்துச்சா?"

"ஒரு நாலஞ்சு வாரம்" என்று உண்மையைச் சொன்னாள் பிரேமா. "சப்பாத்துப் பேச்சு கேக்காம."

அன்று அவர் அதற்குமேல் ஏறவில்லை. இருவரும் அங்கேயே உட்கார்ந்து, அவள் கட்டிக்கொண்டு வந்த வடையைச் சாப்பிட்டார்கள். குழு இறங்கி வந்தபோது நோர்மா தன் பையில் இருந்த ஜப்பான் சிலிப்பர் என்னும் ரப்பர் செருப்பைக் கொடுத்தாள். ரோஜா நிறம், இரண்டு அளவு சின்னது. அதில் குதிகால் பாதி வெளியே தொங்க, கழுத்தில் புதுச் சப்பாத்தை மாலையாகப் போட்டுக்கொண்டு, எதிரில் ஏறி வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டபடி சண்முகநாதன் இறங்கினார்.

திங்கட்கிழமை பிரேமா அவருக்கு விடுப்பு எடுக்கவைத்து இதய டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஓடவிட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்துப் பார்த்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் இடுப்பில்தான் இருக்கிறது என்றார் டாக்டர். தைப்பூசத்திலிருந்து அவர் பயந்துகொண்டிருந்தது ஒன்பது கிலோ தொப்பைக்கு. மெதுவாக ஏறலாம், மூச்சு வாங்கினால் நிற்கலாம், நிற்பதில் கேவலம் ஒன்றும் இல்லை என்று அந்த டாக்டர் எழுதித் தராத குறையாகச் சொல்லி அனுப்பினார்.

பழுப்புச் சப்பாத்து தொழிற்சாலையில் அளவு பொருந்திய ஒருவருக்குப் போயிற்று. அடுத்த ஜோடியைப் பிரேமா கூட வந்து வாங்கினாள். இருபது நிமிடம். 'ஆனா' என்று அவர் இரண்டு தடவை ஆரம்பித்தார், இரண்டு தடவையும் அவள் மணியைப் பார்த்தாள்.

ஆகஸ்டில் பாதிவழி ஓய்வுக் கொட்டகைவரை போனார். அக்டோபரில் மழையால் இரண்டு வாரம் போகவில்லை, அதற்காக மனசு கிடந்து தவித்தது அவருக்கே ஆச்சரியம். நவம்பர் கடைசி ஞாயிறன்று, பதினோரு முறை நின்று, மூன்றரை மணி நேரத்தில், குழுவில் கடைசி ஆளாக உச்சிக்கு வந்து சேர்ந்தார். சட்டை பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும். அங்கே வந்ததும் பிரேமாவிடம் சொல்ல ஒரு நல்ல வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தார். வழியில் எங்கோ அது நழுவிப்போயிருந்தது.

மேலே ஒரே மூடுபனி. ஜார்ஜ் டவுனும் தெரியவில்லை, கடல் பாலமும் தெரியவில்லை. மலை ரயிலில் ஏறி வந்த சுற்றுலாக் குடும்பம் ஒன்று பளிச்சென்ற உடையில் கம்பி ஓரம் நின்றது. அதில் ஒரு பெண் சண்முகநாதனைப் பார்த்து, தயவுசெய்து எங்களை ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று தொலைபேசியை நீட்டினாள். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மூன்று படம் எடுத்துக் கொடுத்தார். மூன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. அவள் பார்த்துவிட்டு, "பரவால்ல அங்கிள், நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

பிரேமா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் அவருக்கு இடம் விட்டு, பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் போய் உட்கார்ந்தார்.